அடைக்கலப் பட்டணம்

ஆல்பெர் காம்யுவைத் தமிழ் வாசகர்கள் 'அந்நியன்' வழியாக நன்கு அறிவர். அவருடைய மற்றொரு புதினமான 'கொள்ளை நோய்' 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. அல்ஜீரியாவின் ஓரான் நகரில் கொள்ளை நோய் பரவுகிறது. நகர வாயில்கள் அடைக்கப்படுகின்றன. நாளை என்ன நேரும் என்று எவருக்கும் தெரியவில்லை. அந்நகரின் பாதிரியார் பனலூ இருமுறை பிரசங்கம் செய்கிறார். முதற் பிரசங்கத்தில், இது கடவுள் அனுப்பிய தண்டனை என்று அவையோரைச் சுட்டி 'நீங்கள்' என்று பேசுகிறார். பின்னர் ஒரு சிறுவன் துடிதுடித்து இறப்பதை அருகிருந்து காண்கிறார். அதன்பின் செய்யும் இரண்டாம் பிரசங்கத்தில் 'நீங்கள்' மறைந்து 'நாம்' வருகிறது.

இந்தச் சிறிய இலக்கண மாற்றத்தைக் காம்யு ஓரிரு சொற்களில் சொல்லிக் கடந்துவிடுகிறார். வகுப்பறையில் இப்புதினத்தைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நாம் அவ்விடத்தில் சற்று நின்றுவிடுவது வழக்கம். நிச்சயமற்ற காலத்தில் கிறித்தவ நம்பிக்கை மனிதரை எவ்வாறு நிலைநிறுத்துகிறது, எவ்வாறு சோதிக்கிறது என்னும் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு விடைதேட, புதினத்தின் ஓரானை விட்டு, அப்புதினத்தின் பெரும்பகுதி எழுதப்பட்ட இடத்துக்குச் செல்ல வேண்டும்.

காசநோயால் வருந்திய காம்யு, மலைக்காற்று வேண்டி 1942 ஆகஸ்டில் தென் பிரான்சின் மலைநாட்டிலுள்ள பனெலியே என்னும் சிற்றூருக்கு வந்து தங்கினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. 11ஆம் நாள் ஜெர்மானியப் படை தென் பிரான்சுக்குள் நுழைந்தது. அல்ஜீரியா திரும்பிவிட்ட மனைவியிடம் செல்லக் காம்யுவுக்கு வழியில்லாமல் போயிற்று. புதினத்தில் வரும் பிரிவுத்துயர் அவர் பட்டறிந்த துயரமே. அந்தப் பனெலியேவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது லெ ஷாம்போன் என்னும் மலையூர். காம்யு பனலூவின் பிரசங்கங்களைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், அவ்வூர் வேறொரு பிரசங்கத்தைச் செயலாக்கிக்கொண்டிருந்தது.

லெ ஷாம்போன் மக்களுள் பெரும்பாலோர் உகனோக்கள் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகளின் வழிவந்தோர். பதினான்காம் லூயி மன்னன் 1685இல் நாந்த் ஆணையை நீக்கியதோடு அவர்களுடைய வழிபாடு குற்றமாயிற்று. போதகர்கள் தூக்கிலிடப்பட்டனர், மக்கள் காடுகளிலும் மலைகளிலும் மறைவாகக் கூடித் தொழுதனர். மரி துரான் என்னும் இளம்பெண் 1730இல் எக்-மோர்த் நகரின் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் அடைக்கப்பட்டு, 38 ஆண்டுகள் கழித்து 1768இல்தான் வெளியே வந்தார். நம்பிக்கையை மறுதலித்திருந்தால் முன்னரே விடுதலை பெற்றிருக்கலாம். கோபுரத்தின் கல்லில் 'எதிர்த்து நில்' என்னும் பொருள்படும் ஒரு சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பொறித்தவர் அவரே என்பது வழிவழிச் செய்தி. துரத்தப்பட்டவர்களுக்குக் கதவு திறப்பது இன்னதென்று லெ ஷாம்போன் மக்களுக்குப் புதிதாக எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வூருக்கு 1934இல் போதகராக வந்தவர் ஆந்த்ரே த்ரோக்மே. தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஜெர்மானியர். முதல் உலகப்போரைச் சிறுவயதில் கண்டவர். எவரையும் கொல்லலாகாது என்னும் கொள்கையில் உறுதி கொண்டவர். எதுவார் தெய்ஸ் என்னும் மற்றொரு போதகருடன் சேர்ந்து 1938இல் அங்கே ஒரு பள்ளியையும் தொடங்கினார். 1940 ஜூன் 22ஆம் நாள் பிரான்சு ஜெர்மனியிடம் பணிந்து போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. அரசு கவிழ்ந்தது, படை சிதறியது, இலட்சக்கணக்கானோர் சாலைகளில் அலைந்தனர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைய ஆராதனையில் இரு போதகர்களும் சபையின்முன் வைத்த செய்தி சுருக்கமானது: மனச்சான்றின்மீது தொடுக்கப்படும் வன்முறையை ஆவிக்குரிய ஆயுதங்களால் எதிர்ப்பது கிறித்தவரின் கடமை, நற்செய்திக்கு முரணான கட்டளை வந்தால் பணியலாகாது, ஆயினும் எவரையும் வெறுக்கலாகாது.

போர் எப்போது முடியும், யார் வெல்வார் என்று அப்பிரசங்கம் எதையும் முன்னுரைக்கவில்லை. 'கடவுள் நம்மைக் காப்பாற்றுவார்' என்னும் ஆறுதலையும் அது அடிப்படையாகக் கொள்ளவில்லை. வரப்போவது தெரியாதபோதும் செய்யவேண்டியது தெரியும் என்பதே அதன் சாரம். நிச்சயமற்ற காலத்தில் நம்பிக்கை தரும் உறுதி இத்தகையது என்று நாம் கருதுகிறோம்.

அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஓர் இரவு போதகர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பனியில் நனைந்து, நடுங்கி நின்றவர் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த ஒரு யூதப் பெண். த்ரோக்மேயின் மனைவி மக்தா அவரை உள்ளே அழைத்தார். ஈரக் காலணிகளை உலர்த்த அடுப்பருகே வைத்தபோது அவை கருகிவிட்டன. வேறு காலணி தேடி மக்தா ஊரில் அலைந்தார். உதவி கேட்கப் போன இடத்தில் ஊராட்சித் தலைவர், அப்பெண்ணை உடனே அனுப்பிவிடுமாறு சொன்னார். வரலாறு இப்படித்தான், கருகிய ஒரு சோடிக் காலணியோடு தொடங்கிற்று.

பின்னர் வந்தவர்களுக்குக் கணக்கில்லை. முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்குக் குவேக்கர்கள், சுவிஸ் நாட்டு உதவி அமைப்பினர் முதலியோரின் பொருளுதவியுடன் இல்லங்கள் அமைந்தன. சுற்றியிருந்த பண்ணை வீடுகளும் திறந்தன. கத்தோலிக்கரும், அரசியலை அறவே விலக்கி வாழ்ந்த டார்பி மரபினரும் இதில் பங்குகொண்டனர். த்ரோக்மே இரு வாரங்களுக்கு ஒருமுறை பதின்மூன்று பேரைக் கூட்டி விவிலியம் ஓதுவார். அவர்கள் தத்தம் பகுதியில் சிறு குழுக்களில் அதை ஆராய்வார்கள். உபாகமத்தில் வரும் அடைக்கலப் பட்டணங்களைப் பற்றிய பகுதி அவருக்கு மிக விருப்பமானது. குற்றமற்ற இரத்தம் சிந்தப்படாதிருக்க நாட்டில் அடைக்கலப் பட்டணங்கள் வேண்டும் என்னும் பழைய விதி, அம்மேட்டுநிலத்தின் வீடுதோறும் புதிய பொருள் பெற்றது.

பாரிசில் 1942 ஜூலை 16, 17 ஆகிய நாள்களில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிரெஞ்சுக் காவலர்களே கைது செய்தனர். அடுத்த மாதம் விஷி அரசின் இளைஞர்துறைப் பொதுச்செயலர் லெ ஷாம்போனுக்கு வந்தார். பள்ளியின் மூத்த மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தனர். தங்களிடையே யூதர்கள் இருக்கிறார்கள், தாங்கள் வேற்றுமை பார்ப்பதில்லை, அப்படிப் பார்ப்பது நற்செய்திக்கு மாறானது, அவர்களை நாடுகடத்த ஆணை வந்தால் ஒளித்துவைக்கத் தம்மால் இயன்றதைச் செய்வோம் என்பன அதன் செய்திகள். சில நாள்களில் காவலர்கள் பேருந்துகளுடன் வந்தனர். பெயர்ப்பட்டியல் கேட்டபோது த்ரோக்மே மறுத்தார். தேடுதல் பல நாள்கள் நடந்தும் பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின.

தமிழில் 'நாங்கள்' என்பதற்கும் 'நாம்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னிருப்பவரை விலக்கி நிற்பது ஒன்று. அவரையும் உளப்படுத்துவது மற்றொன்று. பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையின் 'நாங்கள்', வாசலில் நின்ற அயலாரையும் சேர்த்துக்கொண்டு 'நாம்' ஆகியது என்று லெ ஷாம்போன் வரலாற்றைத் தமிழில் சுருக்கிச் சொல்லலாம்.

ஆயினும் அந்த நம்பிக்கை அவர்களை அமைதியாக உறங்கவிடவில்லை. உயிர்காக்கப் பொய்ச் சான்றுகள் தேவைப்பட்டன. தாமே அகதியாக வந்த ஆஸ்கர் ரொசோவ்ஸ்கி என்னும் யூத இளைஞர் போலி அடையாள அட்டைகளையும் உணவுப் பங்கீட்டு அட்டைகளையும் ஆயிரக்கணக்கில் உருவாக்கினார். பொய் சொல்லலாகாது என்று போதித்த த்ரோக்மேவுக்கு இது பெரும் உறுத்தல். தீமையற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் வள்ளுவர் கருத்து நமக்கு எளிதில் கைகொடுக்கும். த்ரோக்மேவுக்கு அத்தகைய எளிய ஆறுதல் கிட்டவில்லை. 1943இல் தலைமறைவாக நேர்ந்தபோது அவரும் வேற்றுப் பெயரில் அட்டை வைத்திருந்தார்; ஆனால் நேருக்கு நேர் கேட்டால் உண்மைப் பெயரையே சொல்வதென்று முடிவு செய்திருந்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1943 பிப்ரவரியில், த்ரோக்மேவும் தெய்ஸும் பள்ளித் தலைமையாசிரியர் ரொஜே தார்சிசாக்கும் கைதாகினர். கைது செய்ய வந்த காவலரை மக்தா உணவருந்த அழைத்தார் என்பது பலரும் வியந்து பேசும் செய்தி. முகாமில் சில வாரங்கள் கழிந்தபின், மார்ஷல் பெத்தேனின் கட்டளைகளுக்குப் பணிவதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றனர். ஒரு கையொப்பம் போதும், வீட்டுக்குப் போகலாம். இரு போதகர்களும் மறுத்தனர். வியப்புக்குரிய வகையில் மறுநாள் அவர்களும் விடுவிக்கப்பட்டனர்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1943 ஜூன் 29ஆம் நாள் கெஸ்டாப்போ ஒரு மாணவர் இல்லத்தைச் சூழ்ந்தது. அதன் பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மே, போதகரின் உறவினர், அப்போது வேறிடத்தில் இருந்தார். தப்பியிருக்கலாம். தம் மாணவர்களோடு இருக்க வேண்டும் என்று திரும்பிச் சென்றார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், விடுதலை நெருங்கிய வேளையில், த்ரோக்மேயின் மூத்த மகன் ழான்-பியேர் இறந்தான். வியோனின் தூக்கிலிடப்பட்டோர் பற்றிய கவிதையை ஒரு நடிகர் ஓதக் கேட்டு வந்த அச்சிறுவன், அதை வீட்டில் நடித்துப் பார்த்தபோது கயிறு இறுகி உயிரிழந்தான். பிறர் பிள்ளைகளைக் காத்த வீட்டில் நேர்ந்த இந்தச் சாவுக்கு எந்தப் பிரசங்கமும் விளக்கம் தராது. நுனி வெட்டுண்ட பைன் மரம் மீண்டும் உயர்வதில்லை என்னும் கருத்தில் த்ரோக்மே தம் நிலையைப் பின்னாளில் எழுதினார். பனலூவின் இரண்டாம் பிரசங்கத்தின் முன்னால் நின்ற கேள்வி இதுவே. அவர் நம்பிக்கை உடைந்தும் நின்றது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஒன்றை மறக்கலாகாது. அக்காலத்து ஐரோப்பாவில் திருச்சபையினர் பலர் வாய்மூடி இருந்தனர். கொடுமைக்குத் துணைபோனோரும் உண்டு. துலூஸ் பேராயர் சலியேஜ் 1942 ஆகஸ்டில் யூதர்களுக்காகக் குரலெழுப்பியது போன்றவை அரிய நிகழ்வுகள். ஆகவே, நம்பிக்கை இருந்ததால் இவர்கள் நல்லவர்களாயினர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒரே விவிலியத்தை வாசித்தவர்களுள் சிலர் 'நீங்கள்' என்றனர். சிலர் 'நாங்கள்' என்றனர். மிகச் சிலரே 'நாம்' என்றனர்.

அம்மேட்டுநிலத்தில் காக்கப்பட்டோர் 3,000 முதல் 5,000 வரை என்பர். எண்ணிக்கையில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் 1990இல் லெ ஷாம்போனையும் சுற்றியுள்ள ஊர்களையும் கூட்டாகவே பாராட்டியது. தனிமனிதருக்கு வழங்கும் சிறப்பை ஒரு வட்டாரமே பெறுவது அரிது. பாராட்டிப் பேச வந்தவர்களிடம் அம்மக்கள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் தட்டினார்கள், திறந்தோம், வேறென்ன செய்திருக்க முடியும் என்பதே அவர்கள் மறுமொழியின் சாரம்.

காம்யு பாரிசில் தொமினிக்கத் துறவிகளின் அழைப்பை ஏற்று அவர்களிடையே உரையாற்றினார். கடவுளை நம்பாதவராகவே பேசினார். அவர் கிறித்தவர்களிடம் கேட்டது வாதமன்று. தீமை நேரும்போது எவரும் ஐயுறாத வகையில் உரக்கவும் தெளிவாகவும் பேசுங்கள் என்பதே. நாடும் சமயமும் எதுவாயினும், நாளை தெரியாத காலங்கள் நமக்கும் வரும்; வந்தும் இருக்கின்றன. அப்போது நம் வாயிலிருந்து எழுவது 'நீங்கள்' என்னும் சொல்லா, 'நாங்கள்' என்னும் சொல்லா, 'நாம்' என்னும் சொல்லா என்பதை அவரவர் வாசற்கதவே கேட்கும்.