‘ஃப்ரீ ஏஜென்ட்’: ஒரு சொல், இரண்டு ஏலங்கள்

அமெரிக்காவில் ஃபேன்டசி பேஸ்பால் ஆடும் குழுக்கள் பலவற்றில், பருவம் நடக்கும் மாதங்களில் வாரந்தோறும் ஒரு மறைமுக ஏலம் நடைபெறுகிறது. ஆடுவோர் ஒவ்வொருவரும் மெய்யான வீரர்களைக் கொண்டு தாளில் ஓர் அணி அமைத்திருப்பர். அவ்வீரர்கள் மைதானத்தில் ஈட்டும் புள்ளிவிவரங்களே இவர்களின் மதிப்பெண். எவருடைய தாள் அணியிலும் இல்லாத வீரருக்கு ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்று பெயர். அவரை விரும்புவோர் தத்தம் தொகையைப் பிறர் அறியாமல் குறித்துத் தருவர். மிகுதியாகக் கேட்டவருக்கே வீரர். அத்தொகை, பருவம் முழுமைக்கும் அளிக்கப்பட்ட 100 அல்லது 1000 கற்பனை டாலரிலிருந்து கழியும். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

உழைப்புரிமை வரலாற்றைப் படிப்போர் இந்த விளையாட்டை ஏன் கவனிக்க வேண்டும்? நீண்ட போராட்டத்தால் ஈட்டப்பட்ட ஒரு சொல் இதனுள் நுழைந்தபோது அதன் பொருள் தலைகீழானது என்பதே காரணம்.

1879இல் நேஷனல் லீக் முதலாளிகள் அணிக்கு ஐந்து வீரர்களைத் தமக்கே ‘ஒதுக்கி’ வைத்துக்கொள்வதென்று தமக்குள் உடன்பட்டனர். நாளடைவில் அந்த விதி எல்லா வீரர்களையும் பற்றிக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அணிக்கே உரியவர். அணி அவரை விற்கலாம், மாற்றலாம். அவரோ விலகி வேறிடம் செல்ல இயலாது. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி தம்மைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர் போக மறுத்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் பெற்றுவந்தவர் அவர். ஊதியம் நன்றாக இருப்பதால் ஒருவர் உடைமையாகிவிடுவதில்லை என்பதே அவருடைய வாதத்தின் சாரம். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5–3 என்ற கணக்கில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வு அதற்கு முன்பே முடிந்திருந்தது. வெற்றி வேறு இருவருக்கு வாய்த்தது: 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி ஆகியோரின் வழக்கில், ஒதுக்கீடு ஓராண்டுக்கு மேல் நீளாது எனத் தீர்ப்பளித்தார். முதலாளிகள் உடனே அவரைப் பணியிலிருந்து நீக்கினர். ஆயினும் தீர்ப்பு நின்றது. 1976இல் சுமார் 51,000 டாலராக இருந்த சராசரி ஊதியம் 1980இல் சுமார் 1,43,000 ஆனது.

அந்த 1980ஆம் ஆண்டில்தான் எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் ‘ரோட்டிசரி லீக்’ விளையாட்டைத் தொடங்கினர். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரே விளையாட்டின் பெயராயிற்று. வித்து அதற்கும் முந்தையது. 1960இல் ஹார்வர்டில் இருந்த சமூகவியலாளர் வில்லியம் கேம்சன், தலைக்குப் பத்து டாலர் வாங்கிக்கொண்டு, ஒரு லட்சம் கற்பனை டாலரில் வீரர்களை ஏலம் எடுக்கும் ஆட்டமொன்றை நடத்தினார். ‘பேஸ்பால் கருத்தரங்கு’ என்று அதற்குப் பெயர். (பல்கலைக்கழகத்தில் காலம் கழிப்போருக்கு இப்பெயரின் குறும்பை விளக்க வேண்டியதில்லை.) கேம்சன் மிச்சிகனுக்கு மாறியபின் திரைப்பட வரலாற்றாசிரியர் ராபர்ட் ஸ்க்லார் அதில் சேர, அவர் வழியே மாணவர் ஓக்ரென்ட்டுக்குச் செய்தி எட்டியது.

ரோட்டிசரியின் விதிகள் நிலைபெற்றபோது அணிக்கு 260 டாலர், 23 வீரர் என்று வரையறுத்தன. ஆக, மெய்யான முதலாளிகள் வீரர்மீதான பிடியை இழந்த ஐந்தாண்டுகளுக்குள், ரசிகர்கள் அந்த முதலாளியின் நாற்காலியில் அமரும் விளையாட்டைக் கண்டுபிடித்தனர். இதைத் திட்டமிட்ட எதிர்வினை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீரரின் விலை நாளிதழில் அன்றாடச் செய்தியாகாத காலத்தில் இவ்விளையாட்டு இவ்வளவு இயல்பாக வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே.

இரண்டு ஏலங்களையும் ஒரே மனிதரில் ஒப்பிட 2008ஆம் ஆண்டு வாய்ப்பளிக்கிறது. அவ்வாண்டு ஜூலை 7 அன்று பந்துவீச்சாளர் சி. சி. சபாதியாவை அமெரிக்கன் லீகின் கிளீவ்லேண்ட் அணி, நேஷனல் லீகின் மில்வாக்கிக்கு மாற்றியது. நேஷனல் லீக் வீரர்களை மட்டும் வைத்து ஆடும் குழுக்களில் இது பெரும் நிகழ்வு. நேற்றுவரை அங்கே இல்லாத ஒரு நட்சத்திரம் இன்று எவருக்கும் உரியவரல்லர். ஏப்ரலில் ஓரிரு நல்ல ஆட்டங்களைக் கண்டு மயங்கி எவரெவர்க்கோ அள்ளிக் கொடுத்தவர்கள் கைபிசைந்து நிற்க, ஜூலைவரை பொறுத்தவர்களே அவரைக் கேட்க முடியும். மில்வாக்கியில் அவர் 11 வெற்றி, 2 தோல்வி. இத்தகைய குழுக்களில் கையிருப்பைக் காப்பது தனிக்கலை ஆனதற்கு இந்தக் கோடைக்கால வரவுகளே காரணம்.

டிசம்பரில் அதே சபாதியா, சொல்லின் மூலப்பொருளில் ஃப்ரீ ஏஜென்ட். மில்வாக்கி ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 10 கோடி டாலர் தர முன்வந்தது. யாங்கீஸ் அணி ஏழாண்டுகளுக்கு 16.1 கோடி. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். மூன்றாண்டு கழித்துத் தாம் விரும்பினால் விலகலாம் என்ற விதியையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்தார். மறுப்பதும் பேரம் பேசுவதும் அவர் உரிமை. ஜூலையின் தாள் ஏலத்திலோ ‘ஃப்ரீ’ என்பது கேட்பவரின் சுதந்திரம். வீரர் வெறுமனே ஆளில்லாத சரக்கு. ஃபிளட் எதை மறுத்தாரோ அதுவே அங்கே விதி. அவ்வாண்டு பிப்ரவரியில் மும்பையில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தை நினைவுகூர்வோருக்கு வேறுபாடு எளிதில் விளங்கும்: அங்கே பணம் மெய், வீரருக்கே போயிற்று, ஆனால் அணியைத் தேர்ந்தவர் வீரர் அல்லர்.

இன்னொரு தலைகீழும் உண்டு. தாள் ஏலத்தில் கூட்டுச்சதியே பெருங்குற்றம். இருவர் பேசிவைத்துக் கேட்டதாகத் தெரிந்தால் குழுவே உடையும். மெய்யான முதலாளிகளோ 1985 முதல் 1987 வரை பிற அணி வீரர்களைக் கேட்பதில்லை என்று கூடிச் செயல்பட்டனர். விலைக் கட்டம் வெறுமையாக விடப்பட்ட ஒப்பந்தத்தை ஆண்ட்ரே டாசன் 1987இல் சிகாகோ கப்ஸிடம் நீட்டினார். அவர்கள் எழுதிய அடிப்படை ஊதியம் 5 லட்சம் டாலர். அவ்வாண்டு லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே. சதி மெய்ப்பிக்கப்பட்டு, 1990இல் முதலாளிகள் வீரர்களுக்கு 28 கோடி டாலர் இழப்பீடு தர இசைந்தனர்.

தாள் ஏலத்தின் பணத்தில் வீரருக்குப் பங்கில்லை. அவர் பெயருக்கேனும் உண்டா? ஃபேன்டசி நிறுவனமொன்றுக்கு எதிரான வழக்கில் லீகின் இணைய நிறுவனமும் வீரர் சங்கமும் ஒரே பக்கம் நின்று அதைக் கோரின. பெயரும் புள்ளிவிவரமும் பொதுவில் உள்ளவை, அவற்றைப் பயன்படுத்துவதைப் பேச்சுரிமை காக்கும் என்று 2007 அக்டோபரில் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்தது 2008 ஜூனில். அடுத்த மாதம்தான் சபாதியா மில்வாக்கிக்கு வந்தார்.