ஒரு காது மட்டும் மந்தமாகிறதா? செவி நரம்புக் கட்டியையும் நினைவில் வையுங்கள்

அட்டன், நுவரெலியா தோட்டப் பகுதிகளில் காது மந்தமானவர்களிடம் காரணம் கேட்டால், எனக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் மெஷின் சத்தம் என்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களின் பின் வன்னிக்குப் போய், யுத்தம் முடிந்து திரும்பியவர்கள் ஷெல் என்கிறார்கள். இரண்டும் காதைக் கெடுப்பவைதான். ஆனால் மெஷின் சத்தம் பொதுவாக இரண்டு காதுகளையும் பாதிக்கும். ஷெல் அதிர்ச்சியின் பாதிப்பு பெரும்பாலும் உடனேயே தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மந்தமானால், வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

அவற்றில் ஒன்று 'அக்கூஸ்டிக் நியூரோமா' எனப்படும் செவி நரம்புக் கட்டி. உட்காதையும் மூளையையும் இணைக்கும் நரம்பின் உறையில் இது உருவாகிறது. அரிதானது, புற்றுநோய் அல்ல, வேறு உறுப்புகளுக்குப் பரவாது. பெரும்பாலும் மெதுவாகவே வளரும்.

அறிகுறிகள்

ஒரு காதில் ஓயாத இரைச்சல், அந்தக் காதில் போனை வைத்தால் பேச்சு விளங்காமை, மலைச்சரிவில் நடக்கும்போது தள்ளாட்டம். கட்டி பெருத்தால் முகம் மரத்துப்போகலாம். மூளைத்தண்டை அழுத்தினால் உயிருக்கே ஆபத்து.

பரிசோதனை

முதலில் கேட்டல் பரிசோதனை, பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். உடலில் ஷெல் துண்டு இருந்தால், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், ஸ்கேனுக்கு முன்பே கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடலாம். கண்ணருகே இருந்தால் பார்வையே போகலாம்.

சிகிச்சை

மூன்று வழிகள் உண்டு. சிறிய கட்டியைக் குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம். சிறிய, நடுத்தரக் கட்டிகளின் வளர்ச்சியைக் குவித்த கதிர்வீச்சால் நிறுத்தலாம். பெரிய கட்டிகளுக்குச் சத்திரசிகிச்சை. முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், முகவாதம் வரும் வாய்ப்பைப் பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இழந்த கேட்டல் பெரும்பாலும் திரும்பாது; ஆகவே தாமதிக்க வேண்டாம்.

எங்கே போவது?

தோட்ட மருந்தகத்தில் கொடுக்கும் காதுச் சொட்டுமருந்தோடு நின்றுவிடாதீர்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போய், காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். மூளை, நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் கண்டி, கொழும்பு தேசிய வைத்தியசாலைகளில் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். 'காது கேட்கவில்லை' என்று மட்டும் சொல்லாமல், எந்தக் காது, எப்போதிருந்து, இரைச்சலோ தள்ளாட்டமோ உண்டா என்பதையும் சொல்லுங்கள்.