இரண்டு பென்னிச் சீட்டு: இலண்டன் தொழிலாளர் தொடர்வண்டியும் வேலைக்குச் செல்வதன் விலையும்

இலண்டன் மாநகரின் வடகிழக்கில் வால்தம்ஸ்டோ என்னும் பகுதி உள்ளது. கற்பக விநாயகர் கோயில் அங்கே அமைந்திருப்பதால் புலம்பெயர்ந்த தமிழர் பலருக்கும் அது அறிமுகமான பெயர். ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய சிறு வீடுகள் நீண்ட வரிசைகளாக நிற்கும் இப்பகுதியில் 1871இல் ஏறத்தாழ 11,000 பேரே வாழ்ந்தனர். 1901இல் அத்தொகை ஏறத்தாழ 95,000 ஆயிற்று. முப்பது ஆண்டுகளில் ஒரு சிற்றூர் இவ்வாறு நகரமானதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, இரண்டு பென்னி விலையுள்ள ஒரு பயணச்சீட்டு. அந்தச் சீட்டு யாருக்கு உதவியது, யாருக்கு உதவவில்லை என்று பார்த்தால், இன்று வேலைக்குச் செல்லும் பயணத்தின் செலவு ஏன் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதும் தெளிவாகும்.

தொடர்வண்டிக் கட்டணத்தில் அரசு தலையிட்டது 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகும். நாள்தோறும் ஒரு வண்டியேனும் எல்லா நிலையங்களிலும் நிற்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பயணிக்கு இருக்கையும் மழை வெயிலிலிருந்து காப்பும் வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படலாகாது என்று அது விதித்தது. தொலைதூரம் செல்வோர்க்கு இது பேருதவி. ஆனால் நாள்தோறும் போய்த் திரும்ப வேண்டிய கூலியாளுக்கு மைலுக்கு ஒரு பென்னி என்பதே எட்டாத விலை.

அவனுக்கான சீட்டு பிறந்தது இடிபாட்டிலிருந்து. நிலையங்களும் பாதைகளும் நகரின் நடுவே நுழைந்தபோது, நிலம் மலிவாகக் கிடைத்த ஏழைகளின் தெருக்களையே நிறுவனங்கள் தேர்ந்தெடுத்தன. 1853க்கும் 1901க்கும் இடையில் இலண்டனில் இருப்புப்பாதைப் பணிகளால் வீடிழந்தோர் குறைந்தது 76,000 பேர் என்று நகர வரலாற்றறிஞர் டயோஸ் கணக்கிட்டார். லிவர்பூல் தெரு நிலையத்துக்காக கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் 1864இல் சட்ட ஒப்புதல் பெற்றபோது, நாடாளுமன்றம் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. எட்மன்டனிலிருந்தும் வால்தம்ஸ்டோவிலிருந்தும் நாள்தோறும் ஒரு தொழிலாளர் வண்டி ஓட வேண்டும். போகவரக் கட்டணம் 2 பென்னி. வால்தம்ஸ்டோவிலிருந்து நிலையம் ஏறத்தாழ 6 மைல். 1844ஆம் ஆண்டு அளவுகோலின்படி போகவர 12 பென்னி வாங்கியிருக்கலாம். இங்கே பெற்றது அதில் ஆறில் ஒரு பங்கு.

வீட்டை இழந்தவர்க்கு ஈடாக மலிவான பயணம் என்னும் இந்த ஏற்பாடு, கேட்பதற்கு நீதியாகவே தோன்றும். ஆயினும் இழந்தவரும் பெற்றவரும் ஒருவரல்லர். வாரத்தில் ஆறு நாளுக்கு 12 பென்னி, அதாவது ஒரு ஷில்லிங். சார்லஸ் பூத் தம் ஆய்வில் வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வரை வருவாயுள்ள குடும்பத்தை ஏழைக் குடும்பம் என வகுத்தார். அத்தகைய குடும்பத்துக்கு இச்சீட்டு வருவாயில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அதனினும் பெரிய தடை வேலையின் இயல்பில் இருந்தது. துறைமுகத்தில் நாட்கூலிக்கு ஆள் எடுக்கும் வாயிலில் விடியற்காலையில் நிற்பவனுக்கு அன்று வேலை உண்டா என்பதே தெரியாது. கிடைக்காவிட்டால் அடுத்த வாயிலுக்கு ஓட வேண்டும். அவன் மனைவிக்கும் தையல் வேலையோ துப்புரவு வேலையோ அந்தத் தெருக்களில்தான் கிடைத்தது. அவன் ஆறு மைல் தொலைவுக்குக் குடிபெயர்வது எங்ஙனம்? இடிக்கப்பட்ட தெருக்களில் வாழ்ந்தோர் பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே மேலும் நெருக்கமாக ஒண்டினர். வண்டியேறிப் புறநகர் சென்றவர், நிலையான ஊதியமுள்ள கைவினைஞரும் எழுத்தரும் ஆவர்.

1883ஆம் ஆண்டு மலிவு வண்டிச் சட்டம் இதை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. மைலுக்கு ஒரு பென்னியோ அதற்குக் குறைவோ ஆன கட்டணங்களுக்கு அரசு பயணிவரியை நீக்கியது. கைம்மாறாக, மாலை 6 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையில் வாணிக வாரியம் போதுமெனக் கருதும் அளவுக்குத் தொழிலாளர் வண்டிகளை நிறுவனங்கள் ஓட்ட வேண்டும். சலுகை ஆளுக்கன்று, நேரத்துக்கு என்பதே இதன் உட்பொருள். அதிகாலை வண்டிகளில்தான் கட்டணம் மிகக் குறைவு. அலுவலகமோ கடையோ திறப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே நகருக்கு வந்துசேர்ந்தவர்கள் குளிரில் காத்து நின்றனர். இலண்டன் சுவர்த் தெருவிலுள்ள ஆல் ஹாலோஸ் தேவாலயத்தின் பொறுப்பாளராக 1890இல் வந்த சாமுவேல் ஜான் ஸ்டோன், மலிவு வண்டியில் வந்திறங்கிய உழைக்கும் பெண்கள் தங்குவதற்காகக் காலையில் ஆலயக் கதவைத் திறந்துவைத்தார். கட்டணத்தில் மிச்சப்படுத்திய காசை அப்பெண்கள் தூக்கத்தால் செலுத்தினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிறுவனத்தார்க்கும் இவ்வண்டிகள் உவப்பாக இல்லை. தொழிலாளர் குடியிருப்பு குறித்து 1884இல் அமர்ந்த அரச ஆணைக்குழுவின் முன் கிரேட் ஈஸ்டர்ன் பொதுமேலாளர் வில்லியம் பர்ட் சாட்சியமளித்தார். மலிவுச் சீட்டு வந்த பின்னர் எட்மன்டன், டோட்டன்ஹாம் பக்கத்தில் நடுத்தர வகுப்பினரின் நல்ல வீடுகள் இடிக்கப்பட்டுச் சிறு வீடுகள் பெருகின என்றும், மற்றப் பாதைகளுக்கு அந்நிலை வரக்கூடாது என்றும் அவர் கருதினார். யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை ஒரு கட்டண அட்டவணை தீர்மானிக்கும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது, அக்காலச் சீர்திருத்தவாதிகளின் நல்லெண்ண உரைகளைக் காட்டிலும் வரலாற்றாசிரியனுக்குப் பயன்படுவது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் தொழிலாளர் சீட்டு அதிகாலைச் சீட்டு எனப் பெயர் மாறியது. பின்னர் அதுவும் மறைந்தது. அடுத்த பெரிய மாற்றம், தொடர்வண்டித் துறையைத் தனியார் மயமாக்கிய 1993ஆம் ஆண்டுச் சட்டம். பருவச்சீட்டு உள்ளிட்ட சில கட்டணங்களுக்கு மட்டும் அரசு உச்சவரம்பு வைத்து, அதனைச் சில்லறை விலைக் குறியீட்டோடு பிணைத்தது. 2004 முதல் பத்தாண்டுக் காலம் அவ்வரம்பு பணவீக்கத்துக்கு மேல் ஒரு விழுக்காடாக இருந்தது. செலவை வரிசெலுத்துவோரிடமிருந்து பயணியிடம் மாற்றுவதே அதன் நோக்கம். குறியீடு 12.3 விழுக்காட்டைத் தொட்டதையடுத்து, 2023இல் இங்கிலாந்தில் உயர்வை 5.9 விழுக்காட்டில் நிறுத்த நேர்ந்தது. 2025 நவம்பரில், 2027 மார்ச் வரை இக்கட்டணங்களை உயர்த்துவதில்லை என அரசு அறிவித்தது.

விழுக்காடுகளைப் பற்றிய வாதத்தில் பெரும்பாலும் தப்பிவிடுவது சீட்டின் உள்ளமைப்பு. ஆண்டுப் பருவச்சீட்டின் விலை 40 வாரச்சீட்டுகளின் விலைக்குச் சமம். மாதச்சீட்டு 3.84 வாரங்களுக்குச் சமம். ஆண்டில் 48 வாரம் வேலைக்குச் செல்லும் இருவரில், முழுத்தொகையையும் முன்னரே செலுத்துபவர் 40 வாரத்துக்கும், வாரந்தோறும் வாங்குபவர் 48 வாரத்துக்கும் பணம் கொடுக்கின்றனர். அதே இருக்கைக்கு இரண்டாமவர் 20 விழுக்காடு கூடுதலாகச் செலுத்துகிறார். நிலையான பணியிலுள்ளவர்க்கு நிறுவனங்கள் பல வட்டியின்றிக் கடன் தருகின்றன. 10,000 பவுண்டு வரை அக்கடனுக்கு வரியும் இல்லை. முகவர் வழியாக வாரக்கூலிக்குச் செல்பவர்க்கு இவ்வழி பெரும்பாலும் திறப்பதில்லை. துறைமுக வாயிலில் நின்றவனின் நிலையே இது. வேலை நிச்சயமில்லாதவனுக்குச் சலுகை எட்டாது.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலர் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் இரவுப் பணியில் தொடங்கினர். இவர்களின் வரலாற்றை எழுதுவோர் கோயில், தமிழ்ப்பள்ளி, ஊர்ச்சங்கம் ஆகியவற்றின் ஆவணங்களைச் சேர்க்கின்றனர். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டனர், எந்தச் சீட்டை வாங்கினர், வாங்க முடியாதபோது எத்தனை பேருந்து மாறினர் என்னும் வினாக்களும் நேர்காணல்களில் இடம்பெற வேண்டும். வாரச்சீட்டை யாரும் பெட்டியில் பாதுகாப்பதில்லை. அந்த முதல் தலைமுறையோ முதுமையை எட்டிவிட்டது.

2021 சூன் மாதத்தில் 28 நாளுக்குள் 8 நாள் பயணம் செய்யும் புதிய பருவச்சீட்டு ஒன்று அறிமுகமானது. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் சென்று ஏனைய நாட்களில் வீட்டிலிருந்தே பணிசெய்வோரை எண்ணி வகுக்கப்பட்ட சீட்டு அது. அவர்களின் அலுவலகத்தை அவர்கள் வருமுன் துடைத்துவைக்க வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் வண்டியேறுபவர்க்கு, இன்றும் வாரச்சீட்டுதான்.