பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதி வைத்த ஒரு கல்



பாடசாலை லீவு வந்தால் நம்மூரில் முதல் கதை கொழும்புப் பயணம்தான். 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். இரவு வேன் ஏறினால் விடியும்போது கொழும்பு. தெஹிவளை மிருகக்காட்சிசாலை, நூதனசாலை, பின்னேரம் காலிமுகத்திடல் என்று பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் சுற்றுவோம். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், இறால் வடை சாப்பிடுவார்கள், நாம் படம் எடுப்போம், திரும்பி விடுவோம். இந்த முறை போகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலாவது, காலிமுகத்திடல். அது விளையாட்டுக்காக உண்டான வெளி அல்ல. ஒல்லாந்தர் காலத்தில் கொழும்புக் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் எதுவும் மறைக்கக்கூடாது என்று வெறுமையாக வைத்திருந்த நிலம். ஆங்கிலேயர் வந்த பிறகு அங்கே குதிரைப் பந்தயம் ஓடியது. 1893ல் அந்தப் பந்தயம் கறுவாத்தோட்டப் பக்கம் மாறிப் போனது.

இடையில் ஒரு நல்ல வேலை நடந்தது. 1855 முதல் 1860 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஹென்றி வார்ட், கடலோரமாக ஒரு நடைபாதை போடத் தொடங்கினார். 1856ல் ஆரம்பித்த வேலை 1859ல் முடிந்தது. முடிந்ததும் ஒரு கல் நாட்டினார். கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதி இந்த நடைபாதையைத் தனக்குப் பின் வருகிறவர்களிடம் ஒப்படைப்பதாக அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. நாம் அதன் பக்கத்தால் நடந்து போகிறோம், வாசிப்பதில்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் கல் "இதை நான் கட்டினேன்" என்பதோடு நிற்கவில்லை. "இனி நீங்கள் பாருங்கள்" என்றும் சொல்கிறது. நம் மொழியில் சொன்னால், அது ஓர் அமானிதம். வார்ட் 1860ல் மதராஸ் ஆளுநராக மாறிப் போனார். போன சில வாரங்களிலேயே, ஆகஸ்ட் மாதத்தில், வாந்திபேதியில் இறந்துவிட்டார். கல் மட்டும் மிஞ்சியது.

அவர் மனதில் அன்று இருந்தது பெரும்பாலும் குதிரை வண்டியில் காற்று வாங்க வரும் வெள்ளைக்காரக் குடும்பங்களாகத்தான் இருக்கும். ஆனால் எழுதியது எழுதியதுதான். இன்று ஒலுவிலிலிருந்து போகும் நம் உம்மாமாரும் பிள்ளைகளும் காசில்லாமல், அனுமதிச் சீட்டில்லாமல் அங்கே உட்காருகிறார்கள். சுற்றிவரப் பெரிய ஹோட்டல்கள் எழும்பிவிட்டன. வடக்குப் பக்கம் கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் வந்துவிட்டது. ஆனாலும் அரைக் கிலோமீற்றர் நீளமான அந்தப் புல்வெளி மிஞ்சியிருக்கிறது.

இரண்டாவது, நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் 1877ல் திறக்கப்பட்டது. அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்து வியக்கும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைக் கட்டியது யார் தெரியுமா?" கட்டியவர் ஒரு முஸ்லிம், அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். திறப்பு விழாவில் "உமக்கு என்ன வேண்டும்?" என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டு, நீண்டகாலம் வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறையாகவே இருந்தது. காசோ பட்டமோ கேட்காமல் ஜும்ஆவை நினைத்துக் கேட்ட மனிதரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

இனி நம் ஊருக்கு வருவோம்.

கொழும்புக்கு வருடத்தில் ஒரு தடவைதான் போகிறோம். மற்ற நாட்களில் நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போக்கிடம் எது? கடற்கரைதான். பெருநாள் பின்னேரத்தில் வெளிச்சவீட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள், புரியும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலைக் கண்டாலே பயந்த உம்மாமார்கூட மெல்ல மெல்லத் திரும்பி வந்த மணல் அது.

மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் கனவாக இருந்த ஒலுவில் துறைமுகத்தின் வேலை 2008ல் தொடங்கியது. 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். கடலுக்குள் அலைதடுப்புக் கல் போட்டால், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்குப் பக்கத்திலும் வாயிலிலும் தங்கிவிடும். வடக்கே போகவேண்டிய மணல் போகாது. அங்கே கடல் நிலத்தைத் தின்னும். அதுதான் நடந்தது. துறைமுக வாயை மணல் மூடியது, வடக்கே நம்மூர்க் கரையும் நிந்தவூர்ப் பக்கமும் அரித்துப் போயின. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மீனவர்களின் தோணி இழுக்கும் இடமும் போனது. பிள்ளைகள் ஓடி விளையாடிய மணலும் போனது. முதலாவது இழப்பைப் பற்றி நிறையப் பேசினோம். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திட்டம் போடுகிற மேசையில் பெண்களும் பிள்ளைகளும் ஒரு வரியாவது இருந்தார்களா என்றுதான் கேட்கிறேன். 1859ல் ஒரு அந்நிய ஆளுநருக்கு அந்த நினைப்பு வந்தது. நம்மை நாமே ஆளும் காலத்தில் நமக்கு வரவில்லை என்றால் அது கவலைக்குரியது.

ஆகவே என் வேண்டுகோள் சின்னதுதான். மிஞ்சியிருக்கும் கரையில் ஒரு துண்டை, இது குடும்பங்களுக்கான இடம், இதில் கட்டடம் வராது, குப்பை கொட்டப்படாது என்று எழுத்தில் ஒதுக்கித் தரும்படி ஊர்ப் பெரியவர்களும் பள்ளிவாசல் நிருவாகமும் சேர்ந்து பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். நாலு மரம், உட்கார நாலு வாங்கு, இருட்டினால் வெளிச்சம், பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அவ்வளவுதான். பெரிய காசு தேவையில்லை.

ஒதுக்கித் தந்தால் அங்கே ஒரு கல்லும் நாட்டுவோம். யார் திறந்து வைத்தார் என்ற பெயர்ப் பலகை வேண்டாம். யாருக்காக, யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பது மட்டும் அதில் இருக்கட்டும்.