மணலுக்குள் ஒரு கார்!

மனிதர்களைப் புதைப்பார்கள். ஆசையாக வளர்த்த குதிரையையோ நாயையோ புதைத்துவிட்டு, அதற்குச் சமாதி கட்டிய ராஜாக்கள்கூட உண்டு. ஆனால், ஒரு காரைக் குழிதோண்டிப் புதைத்த கதை தெரியுமா உங்களுக்கு? அதுவும் ஓட்டை உடைசல் கார் அல்ல. ஒரு மாதம் முன்புவரை ‘உலகத்திலேயே வேகமான கார்’ என்ற பட்டத்தோடு இருந்த கார்!

1927, மார்ச் மாதம். பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் பெண்டைன் என்ற கடற்கரைக் கிராமம். அங்கே மணல்மேட்டில் பெரிய பள்ளம் வெட்டி, அந்தக் காரை உள்ளே இறக்கி, மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். காரின் பெயர் பாப்ஸ். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து ஒரு மனிதர் வந்து அதைத் தோண்டி எடுத்தார். ‘கல்லறையில் கை வைக்கலாமா?’ என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால்... இருங்கள், முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கதை ஒரு பணக்காரப் பையனிடமிருந்து தொடங்குகிறது. பெயர் லூயி ஸ்போரோவ்ஸ்கி. ‘கவுன்ட்’ என்ற பிரபுப் பட்டம் வேறு. அம்மா, அமெரிக்காவின் மகா கோடீஸ்வரர்களான ஆஸ்டர் குடும்பத்து வாரிசு. அப்பாவுக்குக் கார் பந்தயம் என்றால் உயிர். கடைசியில் உயிரையே கொடுத்தார். 1903-ல், பிரான்ஸில் லா டர்பி என்ற மலைப்பாதைப் பந்தயத்தில் பாறையில் மோதி இறந்துபோனார். அப்போது லூயிக்கு வயது எட்டு. பதினாறு வயதில் அம்மாவும் போய்விட... கையில் கணக்கில்லாத பணம், நியூயார்க்கில் கட்டடங்கள், இங்கிலாந்தில் கேன்டர்பரிக்குப் பக்கத்தில் ஹைஅம் பார்க் என்ற மாளிகை. கண்டிக்க ஆள் இல்லை. பையன் என்ன ஆவான்? பந்தயக் கார் ஓட்டக் கிளம்பிவிட்டான்!

முதல் உலகப் போர் முடிந்திருந்த நேரம் அது. போர் விமானங்களுக்காகச் செய்து குவித்த ராட்சத இன்ஜின்கள் வேலையில்லாமல் கிடந்தன. மலிவு விலை. லூயி அவற்றில் ஒன்றை வாங்கி, மெர்சிடீஸ் கார் ஒன்றின் அடிச்சட்டத்தில் தூக்கி வைத்தார். 23 லிட்டர் மேபாக் இன்ஜின்! அது உறுமிய சத்தத்தை வைத்து ‘சிட்டி பேங் பேங்’ என்று பெயர் சூட்டினார். (பட்டாளத்துக்காரர்கள் பாடிய கொஞ்சம் விவகாரமான பாட்டிலிருந்து எடுத்த பெயர் என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்த விவகாரம் இங்கே வேண்டாம்!) எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருக்கிறதா? ஜேம்ஸ்பாண்டைப் படைத்த இயான் ஃப்ளெமிங், குழந்தைகளுக்காக ஒரு பறக்கும் கார் கதை எழுதினார். அந்தக் காருக்கு அவர் வைத்த பெயர் இங்கிருந்து எடுத்ததுதான். 1964-ல் புத்தகம் வந்தது, 1968-ல் சினிமாவும் வந்தது.

லூயி அதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்து இதேபோலக் கார்கள் கட்டினார். கடைசியாகக் கட்டியதுதான் நம் கதாநாயகி. அப்போது அதற்குப் பெயர் ‘ஹைஅம் ஸ்பெஷல்’. உள்ளே இருந்தது அமெரிக்க விமானங்களுக்கான லிபர்ட்டி இன்ஜின். பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர். நம்ம ஊர் மாருதி 800-ல் இருந்த இன்ஜின் ஒரு லிட்டர்கூடக் கிடையாது. முப்பத்துநான்கு மாருதிகளின் இன்ஜின்களை ஒன்றாகக் கட்டினால் என்ன அளவு வருமோ, அது இந்த ஒரே காரில்! சக்தி சுமார் 450 குதிரைகள். போருக்கு முன்னால் வந்த ஒரு பென்ஸ் பந்தயக் காரின் கியர்பாக்ஸ். பின் சக்கரங்களைச் சுழற்ற பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் செயின்கள். நம் சைக்கிளில் இருக்கிறதே, அதே சங்கதிதான், ஆனால் பல மடங்கு கனம். இந்தச் செயினை மட்டும் மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

அந்தக் காரை வைத்து லூயி பெரிதாக எதுவும் செய்வதற்குள், 1924 அக்டோபரில் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் மெர்சிடீஸ் ஓட்டியபோது மரத்தில் மோதி இறந்துபோனார். வயது 29. அப்பா சாகும்போது அணிந்திருந்த சட்டைக் கைப் பொத்தான்களை மகனும் அன்று அணிந்திருந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. இப்படிப்பட்ட கதைகளை நம்பலாமா? பந்தய உலகில் ஒருவர் செத்தால், உடனே ஒரு கதை பிறந்துவிடும். இதையும் நினைவில் வையுங்கள்.

ஹைஅம் ஸ்பெஷலை விற்பனைக்கு விட்டார்கள். 125 பவுண்டு கொடுத்து வாங்கியவர் ஜான் பாரி தாமஸ்.

இவர் லூயிக்கு நேரெதிர். வேல்ஸில் பிறந்தவர், பாதிரியார் ஒருவரின் மகன். அடிப்படையில் பந்தயக்காரரே அல்ல, இன்ஜினீயர். லேலண்ட் கம்பெனியின் தலைமை இன்ஜினீயராக இருந்து ‘லேலண்ட் எய்ட்’ என்ற சொகுசுக் காரை வடிவமைத்தார். பிரமாதமான கார். ஆனால், விலையைக் கேட்டால் பிரபுக்களே பின்வாங்கினார்கள்! விரல்விட்டு எண்ணுகிற மாதிரி கொஞ்சம் கார்கள்தான் தயாராயின. மனிதர் வேலையை உதறிவிட்டு, லண்டனுக்கு அருகே புரூக்லேண்ட்ஸில் குடியேறினார். அது 1907-ல் கட்டப்பட்ட கார் பந்தய மைதானம். ஓடுபாதைக்கு உள்ளேயே ஒரு வீடு, துணைக்கு நாய்கள், எட்டி நடந்தால் பட்டறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூவேலை செய்த கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பந்தயம் ஓட்டுவார். அந்த மைதானத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்கிற அளவுக்குப் பெயர் வாங்கினார்.

அவர் அந்தப் பழைய காரை வாங்கியது பந்தயத்துக்காக அல்ல. தரையில் உலகத்திலேயே வேகமாகப் போன மனிதன் என்ற சாதனைக்காக.

அந்தப் போட்டி எப்படி நடக்கும் தெரியுமா? ரோடு போதாது. நீளமான, நேரான, தட்டையான இடம் வேண்டும். அதற்கு அகப்பட்டதுதான் பெண்டைன் கடற்கரை. சுமார் 11 கிலோமீட்டர் நீளம். அலை வடிந்த சில மணி நேரத்துக்கு மணல் இறுகி, சிமென்ட் தரை மாதிரி இருக்கும். அதற்குள் ஓடி முடித்துவிட வேண்டும். நடுவில் ஒரு மைல் தூரத்தை அளந்து குறித்திருப்பார்கள். கார் முன்கூட்டியே வேகமெடுத்து அந்த மைலைக் கடக்க வேண்டும். பிறகு திரும்பி, எதிர்த்திசையிலும் கடக்க வேண்டும். இரண்டுக்கும் சராசரிதான் கணக்கு. காற்று முதுகில் தள்ளிவிட்டு ஜெயிக்கவைத்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

மால்கம் கேம்பெல் என்ற வசதியான லண்டன்காரர் இதே மணலில் 1924-லும் 1925-லும் சாதனை செய்திருந்தார். 1925-ல் அவருடைய வேகம் மணிக்கு 242 கிலோமீட்டர். அடுத்த வருஷம் ஹென்றி சீக்ரேவ் அதைக் கொஞ்சம் தாண்டினார். தாமஸ் தன் காரைத் தாழ்த்தி, உடலை மாற்றி, இன்ஜினுக்குத் தானே வடிவமைத்த பிஸ்டன்களைப் போட்டு, செயின்களுக்கு மூடி போட்டார். புதுப் பெயர், பாப்ஸ். 1926 ஏப்ரல் 27-ம் தேதி பெண்டைனில் இறங்கினார். முதல் நாள் 272 கிலோமீட்டர். மறுநாள் 275! முன்பிருந்த சாதனையை ஒரே தாவலில் முப்பது கிலோமீட்டர் தள்ளிவிட்டார். அதுவும் இன்னொருவர் கட்டி, அநாதையாகக் கிடந்த, 125 பவுண்டு காரை வைத்துக்கொண்டு. பணத்தை மூளை ஜெயித்த நாள் அது.

கேம்பெல் சும்மா இருப்பாரா? ‘நீலப்பறவை’ என்று புத்தம் புதிய கார் கட்டிக்கொண்டு வந்தார். 1927 பிப்ரவரி 4-ம் தேதி, அதே பெண்டைனில் 281 கிலோமீட்டர். பட்டம் கைமாறியது. சீக்ரேவோ அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரைக்கு இன்னும் பெரிய காரோடு கிளம்பிக்கொண்டிருந்தார். தாமஸுக்கு அவகாசமே இல்லை. ஃப்ளூ ஜுரத்தால் உடம்பு வேறு படுத்தியது. ஆனாலும் பெண்டைனுக்கு வந்துவிட்டார்.

மார்ச் 3, 1927. மணலில் பாப்ஸ் சீறிக்கொண்டு போனது. திடீரென்று கட்டுப்பாடு இழந்தது, புரண்டது, சறுக்கிக்கொண்டே போய் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தவர்களால் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. தலையில் பட்ட காயத்தில் தாமஸ் அந்த இடத்திலேயே இறந்துபோயிருந்தார். வயது 41. நில வேக சாதனை முயற்சியில் உயிரை விட்ட முதல் மனிதர் அவர்தான்.

விசாரணை முடிந்ததும், அவரை புரூக்லேண்ட்ஸுக்குப் பக்கத்தில் பைஃப்ளீட் என்ற ஊரின் சர்ச்சில் அடக்கம் செய்தார்கள். காரை என்ன செய்வது? காயலாங்கடையில் போட மனசு வரவில்லை. இன்னொருவர் ஓட்டுவதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது செத்த இடத்திலேயே மணலில் இறக்கிவிட்டார்கள்.

இருபத்தாறு நாள் கழித்து டேட்டோனாவில் சீக்ரேவ் 328 கிலோமீட்டரைத் தொட்டார். தாமஸ் அன்று ஜெயித்திருந்தால்கூட பட்டம் ஒரு மாதம்தான் நிலைத்திருக்கும். கொடுமை!

அப்புறம் கதை பிறந்தது. செயின் கதை. முழு வேகத்தில் வலதுபக்கச் செயின் அறுந்து, சாட்டை மாதிரி சுழன்று வந்து தாமஸின் தலையைத் தாக்கிவிட்டது. அதுதான் காரணம். புத்தகங்களில் எழுதினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள், கார் பிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. காலம் கடந்துபோன செயின், பழைய சாமான்களை ஒட்டுப்போட்ட கார், பிடிவாதக்கார இன்ஜினீயர்... நல்ல கதைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கதைக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ‘அந்தச் செயினை நம்பியது தாமஸின் முட்டாள்தனம்’ என்ற தீர்ப்பு. தன் மூளையை மட்டுமே சொத்தாக வைத்திருந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சாட்சி சொல்ல வேண்டிய ஒரே ஆள் மணலுக்கடியில் கிடந்தது.

1969-ல் ஓவன் வின் ஓவன் என்பவர் வந்தார். வேல்ஸிலுள்ள பாங்கர் ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரியில் இன்ஜினீயரிங் ஆசிரியர். பழைய கார்களைச் சரிசெய்து ஓட்டுவதில் பெரும் பிரியம். கார் கிடந்த இடம் இதற்குள் ராணுவத்தின் சோதனை வளாகத்துக்குள் போய்விட்டிருந்தது. அனுமதிக்கு அலைந்தார். தாமஸின் நெருங்கிய உறவு என்று மிச்சமிருந்த சகோதரர் மகனைத் தேடிப் பிடித்து, அவருடைய சம்மதத்தையும் வாங்கினார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. புதையல் எடுக்கிறவன் பாணியில் மண்வெட்டியோடு போய் நிற்கவில்லை அவர்.

மணலிலிருந்து வெளியே வந்ததைக் கார் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். நாற்பத்திரண்டு வருஷ உப்பு, மெல்லிய தகடுகளைத் தின்று தீர்த்திருந்தது. ஆனால் கனமான இரும்புப் பாகங்கள் மிஞ்சியிருந்தன. பார்த்தவர்கள் ஆராய்ந்தார்கள். செயின் கதை ஆட்டம் கண்டது. விபத்துக்குக் காரணம் செயின் அல்ல, வலது பின்சக்கரம்தான் முதலில் கைகொடுக்காமல் போயிருக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. தலையில் பட்ட காயம் கார் புரண்டபோது ஏற்பட்டது. இன்று விஷயம் தெரிந்தவர்கள் செயின் கதையைக் கட்டுக்கதை வரிசையில்தான் வைக்கிறார்கள்.

‘சக்கரத்தை மாட்டியதும் தாமஸ்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், அத்தனை வேகத்தைத் தாங்கும் சக்கரத்தை எப்படிச் செய்வது என்பது அன்று எல்லோருக்குமே புதுப் பாடம். அதே 1927 நவம்பரில், அதே பெண்டைனில், ஃபொரெஸ்டி என்ற இத்தாலியரின் காரும் தலைகுப்புறப் புரண்டது. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். தாமஸின் திறமைக்குச் சான்று வேண்டுமென்றால், அவரிடம் உதவியாளராக இருந்த ரீட் ரெயில்டனைப் பாருங்கள். பின்னாளில் கேம்பெல்லின் நீலப்பறவைகளுக்கு மூளையாக இருந்தவர் அவர். தாமஸின் கூட்டாளிகள் நடத்திய பட்டறையில்தான் 1931-ன் நீலப்பறவை உருவானது. பரம எதிராளிக்கே கார் கட்டிக்கொடுத்தது தாமஸின் பள்ளிக்கூடம்!

ஆகவே, ஆரம்பத்தில் பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்துவிடுகிறேன். என்னைக் கேட்டால், ஓவன் செய்தது சரி. மரியாதைக்காகப் புதைத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த மரியாதையின் மேல் நின்றுகொண்டே ஊர் ஒரு தப்பான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

தோண்டியெடுத்ததோடு ஓவன் நிற்கவில்லை. கிட்டத்தட்ட பதினைந்து வருஷம், கல்லூரி வேலை போக மிச்ச நேரமெல்லாம் பாப்ஸோடு கழித்தார். மட்கிப்போன பாகங்களுக்குப் பதில் வேறு தேடிப் பொருத்தி, இல்லாததைச் செய்து, 27 லிட்டர் லிபர்ட்டியை மறுபடி உறுமவைத்தார். பெண்டைன் மணலிலேயே அது திரும்பவும் ஓடியது. 2012-ல் ஓவன் காலமானார். 2023-ல் பெண்டைனில் புதிதாகக் கட்டித் திறந்த நில வேக அருங்காட்சியகத்தில் பாப்ஸ்தான் நாயகி.

முன்பெல்லாம் கோடையில் பெண்டைனிலும், குளிர்காலத்தில் புரூக்லேண்ட்ஸ் மியூசியத்திலும் அதை மாறி மாறி நிறுத்தி வைப்பார்கள். புரூக்லேண்ட்ஸ் என்றால், தாமஸ் நாய்களோடு வாழ்ந்து, பாப்ஸுக்கு பிஸ்டன் செய்த அதே இடம். அவர் படுத்திருக்கும் பைஃப்ளீட் சர்ச், அங்கிருந்து கூப்பிடு தூரம்.