கரிசல் மண்ணில் எண்ணெயும் கண்பார்வையும்

முருங்கைக் கீரையைத் தாளிக்கும் எண்ணெய் சுவைக்காக மட்டும் அல்ல. கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். உணவில் கொழுப்பு இல்லாவிட்டால் அதில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். உறிஞ்சப்பட்டது வைட்டமின் ஏ-யாக மாறி, விழித்திரையில் ரொடாப்சின் என்ற நிறமி உருவாக உதவுகிறது. மங்கிய ஒளியில் கண் தெரிவது இந்த நிறமியால். அது குறையும்போது வருவது மாலைக்கண்.

விருதுநகர் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வணிகத்தால் பெயர் பெற்ற ஊர். பரோட்டாவைக்கூட எண்ணெயில் பொரித்தே தின்னும் ஊர். செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டிய எண்ணெயைத் தலையில் தேய்த்து முழுகினால் கண் குளிரும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. ஆனால் நல்லெண்ணெயில் வைட்டமின் ஏ இல்லை. தலையில் தேய்த்த எண்ணெய் விழித்திரைக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. கண்ணுக்கு அது செய்யும் உதவி தாளிப்புச் சட்டியில்தான். வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் மழை பொய்த்தால் கீரையும் பாலும் அருகிப்போகும்; கூலி வீட்டில் எண்ணெய்ச் செலவும் சுருங்கும்.

கொழுப்பில் மறைந்திருந்த இந்தச் சத்தை அறிவியல் கண்டறிந்தது 1913-இல். அமெரிக்காவில் மெக்காலம், டேவிஸ் இருவரும் எலிகளுக்குப் பன்றிக் கொழுப்பைக் கொடுத்தபோது வளர்ச்சி நின்றது. வெண்ணெயோ முட்டை மஞ்சள் கருவோ கொடுத்ததும் மீண்டும் வளர்ந்தன. எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல என்பது அன்று தெளிவானது. முதல் உலகப் போரின்போது டென்மார்க் தன் வெண்ணெயை ஏற்றுமதி செய்தது. கொழுப்பு நீக்கிய பாலில் வளர்ந்த ஏழைக் குழந்தைகளின் கண்கள் வறண்டு கெட்டன. முழுப்பாலும் மீன் எண்ணெயும் அவர்களைத் தேற்றின. கரோட்டின் உடலுக்குள் வைட்டமின் ஏ-யாக மாறுவதை 1930-இல் தாமஸ் மூர் நிறுவினார்.

தென் தமிழகத்தில் இந்த அறிவு சிகிச்சையாக மாறிய இடம் மதுரை. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, அங்குள்ள எர்ஸ்கின் அரசு மருத்துவமனையில் வைட்டமின் ஏ குறைவால் கண் கெட்ட குழந்தைகளைப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் சோப்பு நுரை ஒட்டினாற்போல் ஒரு வெண்திட்டு தோன்றும். கவனிக்காமல் விட்டால் கருவிழியே குழைந்து பார்வை போய்விடும். மருந்து கொடுத்து அனுப்பினால் பழைய சாப்பாட்டுக்கே குழந்தை திரும்பும் என்பதால், 1970-களில் மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. அங்கே தாய்மார்களுக்கு உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே சத்துணவு சமைக்கக் கற்றுத்தந்தார்கள். வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்தது 1976-இல்.

இந்திய அரசு 1970-இல் தொடங்கிய தடுப்புத் திட்டத்தின் மருந்தும் எண்ணெய்க் கரைசல்தான்: ஒரு சிறு கரண்டியில் 2 மில்லி, அதில் 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ. கொழுப்பில் கரையும் சத்தைக் கல்லீரல் சேமித்து வைப்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். இதன் பயன் கண்ணோடு நிற்கவில்லை. திருச்சி மாவட்டத்தில் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் சக ஆய்வாளர்களும் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது. வாரந்தோறும் சிறு அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. ஊட்டச்சத்து ஆய்வுகளில் இவ்வளவு பெரிய பலன் அரிது.

இன்று அதே சத்து ரேஷன் கடைக்கும் வந்திருக்கிறது. எண்ணெய்ப் பனையின் பழச் சதையிலிருந்து எடுக்கும் செம்பனை எண்ணெயின் சிவப்பு கரோட்டினால் வருவது. சுத்திகரிப்பில் நிறத்தோடு அந்தச் சத்தும் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் மானிய விலையில் தரப்படும் பாமாயிலில் இப்போது வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்க்கிறார்கள்.

முதியோரின் விழித்திரைச் சிதைவுக்குக் கொழுப்பு மருந்தாகுமா என்பது வேறு கேள்வி. விழித்திரைச் செல்களில் ஒமேகா-3 வகையான டிஎச்ஏ மிகுதியாக இருப்பதால் மீன் எண்ணெய் மாத்திரைமேல் பெரும் நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவில் 2013-இல் வெளியான பெரிய ஆய்வில் அது நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த ஆய்வுக்குப் பின், இந்நோய்க்குத் தரும் வைட்டமின் மாத்திரைகளில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லுடீனும் ஸியாசாந்தினும் இடம்பெற்றன. இவை கீரைகளில் இருப்பவை. குடல் இவற்றை உறிஞ்சவும் கொழுப்பு வேண்டும்.