ஜெராக்ஸ் கடை நோட்டும் எம்ஐடி கம்ப்யூட்டரும்: பாஸ்வேர்டின் கதை

இந்த எபிசோடு எங்க வீட்டுல நடந்த ஒரு கூத்துலேர்ந்து ஆரம்பிக்குது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பிஎஃப் பணத்தை எடுக்கணும்னு லேப்டாப்பைத் திறந்தேன். "பாஸ்வேர்டு என்னப்பா?"ன்னு கேட்டா, "அது கடை அக்காகிட்ட இருக்குடா"ங்கறார்.

சென்னீர்குப்பத்துல எங்க தெருமுனையில ஒரு ஜெராக்ஸ் கடை. அக்கா ஒரு நீள நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினாங்க. பேர், யூசர் ஐடி, பாஸ்வேர்டு. பாதித் தெருவோட அரசாங்கக் கணக்கெல்லாம் அதுல இருக்கு. பெரும்பாலும் பேருக்குப் பின்னாடி ஒரு அட், அப்புறம் 123. சாஃப்ட்வேர் இன்ஜினியரான எனக்கு நெஞ்சு அடைச்சது. அக்காவோ, "எல்லாரும் மறந்துட்டு எங்கிட்டதானே வராங்க தம்பி"ன்னு சாதாரணமா சொன்னாங்க.

யோசிச்சுப் பார்த்தா, உலகத்தோட முதல் பாஸ்வேர்டு கம்ப்யூட்டரும் இந்த நோட்டு மாதிரிதான் இருந்தது.

1961. அமெரிக்காவின் எம்ஐடியில ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் குழுவும் சிடிஎஸ்எஸ் என்ற சிஸ்டத்தை உருவாக்கினாங்க. ஒரே பெரிய மெஷின், அதைப் பல பேர் ஒரே நேரத்துல பயன்படுத்தணும். ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் தொடக்கூடாது. அதுக்கு ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தாங்க. ஹாஸ்டல்ல ஆளுக்கொரு பூட்டு கொடுக்கற மாதிரி.

அங்க ஆராய்ச்சி மாணவரா இருந்த ஆலன் ஷெர்ருக்கு வாரத்துக்குக் கிடைச்ச கம்ப்யூட்டர் நேரம் 4 மணி நேரம். அது பத்தலை. 1962-ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பஞ்ச் கார்டுல ஒரு பிரின்ட் கோரிக்கை போட்டார்: பாஸ்வேர்டு ஃபைலை அச்சடி! சனிக்கிழமை காலையில போய் எடுத்துக்கிட்டார். மத்தவங்க கணக்குல நுழைஞ்சு வேலையை முடிச்சார். இதை அவரே ஒத்துக்கிட்டது சுமார் 25 வருஷம் கழிச்சு. 1966-ல இன்னொரு கோளாறு. தினமும் வரவேற்புச் செய்தி வர்ற இடத்துல பாஸ்வேர்டு ஃபைல் மாறி வந்து, லாகின் பண்ணவங்களுக்கெல்லாம் எல்லாரோட பாஸ்வேர்டும் தெரிஞ்சுபோச்சு.

காரணம் ஒண்ணுதான். பாஸ்வேர்டுகளை அப்படியே எழுதி வெச்சிருந்தாங்க, நம்ம அக்கா மாதிரி.

இதுக்கு மருந்து யூனிக்ஸ்ல வந்தது. ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்ஸனும் 1979-ல எழுதின கட்டுரையில அதை விளக்கினாங்க. பாஸ்வேர்டைச் சேமிக்காதே, அதை அரைச்சு மாவை மட்டும் சேமி. மாவைப் பார்த்து அரிசியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. லாகின் பண்ணும்போது புதுசா அரைச்சு, ரெண்டு மாவும் ஒண்ணான்னு பார்த்தா போதும். இதுதான் ஹாஷ். ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வெச்சா மாவும் ஒண்ணாயிடுமே? அதனால ஆளுக்கு ஆள் வேற வேற சிட்டிகை உப்பு சேர்த்தாங்க. பேரே சால்ட்தான்!

அதே கட்டுரையில 3,289 பாஸ்வேர்டுகளைச் சோதிச்சிருந்தாங்க. 86 சதவீதம் ரொம்பச் சின்னதா, இல்லன்னா அகராதிச் சொல்லா இருந்தது. ஆக, அக்கா நோட்டுல இருக்கிற 123, நம்ம ஊர்க்காரங்களோட அறியாமை இல்லை. மனுஷ மூளை எல்லா ஊர்லயும் அப்படித்தான்.

அதுக்கு அரசாங்கங்கள் பண்ணினது என்ன? 2003-ல அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனத்துக்காக பில் பர் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலக்கணும், அடிக்கடி மாத்தணும்ங்கற பழக்கம் உலகம் முழுக்கப் பரவினதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜனங்க என்ன பண்ணாங்க? கடைசியில இருக்கிற 1-ஐ 2 ஆக்கினாங்க. 2017-ல என்ஐஎஸ்டியே அந்த ஆலோசனையை மாத்திக்கிச்சு: நீளமா வை, திருட்டுப்போன சந்தேகம் இருந்தா மட்டும் மாத்து. அந்த அறிவுரைக்காக வருத்தப்படறதா பில் பரும் சொன்னார்.

அரசாங்க சிஸ்டமும் இதுல சறுக்கும். 2024 மே மாசம் தமிழ்நாடு காவல்துறையோட முக அடையாளம் காணும் போர்ட்டல்ல ஊடுருவல் நடந்தது. ஒரு அட்மின் கணக்கோட பாஸ்வேர்டு வெளியே போனதுதான் காரணமா தெரியுதுன்னு காவல்துறையே விளக்கம் கொடுத்தது.

இப்போ எங்க கதைக்கு வருவோம். அக்கா கொடுத்த பாஸ்வேர்டு சரியாத்தான் இருந்தது. ஆனா அடுத்து ஓடிபி கேட்டுச்சு. இந்தியாவுல ஓடிபிக்குப் பெரிய கதவு திறந்தது 2009 ஆகஸ்ட்ல. ஆன்லைன்ல கார்டு பயன்படுத்தினா ரெண்டாவது சரிபார்ப்பு கட்டாயம்னு ரிசர்வ் வங்கி சொன்னது. பிஎஃப்க்கு 12 இலக்க யுஏஎன் 2014-ல வந்தது. ஆதார் இணைஞ்ச பிறகு, பாஸ்வேர்டை மறந்தாலும் ஓடிபி இருந்தா உள்ளே போகலாம்னு ஆச்சு. அதாவது, நிஜச் சாவி நம்ம போன் நம்பர்.

அப்பா அந்த நம்பரை ரெண்டு வருஷம் முன்னாடியே ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டார். துண்டிச்ச நம்பரை 90 நாள் கழிச்சு கம்பெனி வேற ஆளுக்குக் கொடுக்கலாம். அந்த நம்பருக்கு போன் போட்டேன். யாரோ ஒருத்தர் எடுத்தார். "எனக்கும் அடிக்கடி ஏதேதோ ஓடிபி வருதுங்க, யாரோடதுன்னு தெரியல"ன்னார். நல்ல மனுஷன். அப்பாவோட இருபத்தஞ்சு வருஷ உழைப்பு இத்தனை நாளா அந்த நல்ல மனசை நம்பித்தான் இருந்திருக்கு.

ஆதார் மையத்துக்குப் போனோம். நம்பர் மாத்த அங்க கைரேகை வைக்கச் சொன்னாங்க. லேத்துல தேஞ்ச விரல், மூணாவது தடவைதான் ஏறுச்சு. 1858-ல வங்காளத்துல வில்லியம் ஹெர்ஷல்ங்கற ஆங்கிலேய அதிகாரி ஒரு ஒப்பந்தத்துல காண்ட்ராக்டரோட கை அச்சை வாங்கினார். கைநாட்டுக்குப் பதிலா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டு, பாஸ்வேர்டு, ஓடிபின்னு வந்து, கடைசியில திரும்பவும் கைநாட்டு.

இந்த ஞாயித்துக்கிழமை மூணு வேலை பண்ணுங்க. அம்மா, அப்பா ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னு பாருங்க. கடைக்காரர் நம்பரோ பழைய நம்பரோ இருந்தா மாத்துங்க. பாஸ்வேர்டை நீளமா, கணக்குக்கு ஒண்ணா வையுங்க. நீங்க பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துங்க. அவங்களுக்கு அது கஷ்டம்னா, எழுதி பீரோவுல வைக்கட்டும், தப்பில்லை.

புது பாஸ்வேர்டு வெச்சதும் அக்காகிட்ட போய்ச் சொன்னேன். "அப்போ உங்க அப்பா வரியை அடிச்சுடவா தம்பி?"ன்னு பேனாவை எடுத்தாங்க. பக்கத்துல இருந்த அப்பா முந்திக்கிட்டு, "இருக்கட்டும்மா, புதுசையும் எழுதிக்கோ, நான் மறந்துட்டா?"ங்கறார்.

எழுத விடலை.